15 நாளில் ஸ்கோபஸ் பேப்பர்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளில் வரும் புண், அதைத் தடுக்க அவர்களுக்கு வசதியான ஒரு விரலுறை வடிவமைப்பு, இதுதான் என் ஆய்வு. மருத்துவ ஜர்னலுக்கு அனுப்பினால் ‘இது டிசைன்’ என்கிறார்கள். டிசைன் ஜர்னல் ‘இது மருத்துவம்’ என்று திருப்பிவிட்டது. புதுச்சேரியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில், மருத்துவம், பசுமைத் தொழில்நுட்பம், டிசைன், கலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சர்வதேச ஜர்னல் இருக்கிறது, 25,000 ரூபாய் கட்டினால் 15 நாளில் ஸ்கோபஸில் வந்துவிடும் என்கிறார்கள். ஈ.சி.ஆர். ஓட்டல் ஒன்றில் மாநாடு, அதில் ‘சிறந்த கட்டுரை’ விருதும் உண்டாம். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? தீசிஸ் கொடுக்க எட்டு மாதம்தான் இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். போன 5,000 போகட்டும், மீதி 20,000 உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

முதலில், இந்த பேப்பர் உங்களுக்குக் கட்டாயம்தானா என்று பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிப்படி, தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு ஜர்னல் கட்டுரையும் இரண்டு மாநாட்டுக் கட்டுரைகளும் வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் எந்த ஆண்டு பதிவு செய்தீர்கள், எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்ச்சிப் பிரிவுக்கு மெயில் எழுதிக் கேளுங்கள். கைடு சொன்னார், சீனியர் சொன்னார் என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. போனில் கேட்டாலும் போதாது, பதில் எழுத்தில் வர வேண்டும். அந்த ஒரு மெயிலுக்கு மூன்று வாரம் பதில் வராது என்பதும் எனக்குத் தெரியும். அந்த மூன்று வார மௌனத்தில்தான் ப்ராஜெக்ட் சென்டர்களின் பிழைப்பு ஓடுகிறது. மறுபடி எழுதுங்கள்.

அடுத்து, அவர்கள் சொல்லும் ஸ்கோபஸ். இது எல்ஸ்வியர் நிறுவனம் 2004 முதல் நடத்தும் தரவுத்தளம். அதில் எந்தெந்த ஜர்னல் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்க யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஸ்கோபஸ் தளத்தில் ‘சோர்ஸஸ்’ பக்கத்தைத் திறந்து, ஜர்னலின் பெயரைப் போடாமல் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை, அதாவது ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும், எண் அப்படி இருக்காது. வந்த பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பதிப்பாளர் யார், என்ன துறை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள். ‘2014 முதல் 2021 வரை’ என்று போட்டு, பக்கத்தில் சேர்ப்பு நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்தால், அந்த ஜர்னல் இன்று ஸ்கோபஸில் இல்லை. ஏஜென்ட் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கடைசி வரி வெட்டப்பட்டிருக்கும். நீங்களே திறந்து பாருங்கள், அவர் அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள்.

லிங்க்கைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உண்மையான ஜர்னல் ஒன்று எங்கோ ஒரு நாட்டில், சொந்த இணையதளம்கூட ஒழுங்காக இல்லாமல் அமைதியாக நடந்துகொண்டிருக்கும். அதன் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் அப்படியே எடுத்து, பளபளவென்று ஒரு போலித் தளம் போட்டு, காசு வசூலிக்கிறார்கள். ஸ்கோபஸில் தேடினால் பெயர் வரும், எண்ணும் வரும். ஆனால் உங்கள் கட்டுரை போவது வேறு இடத்துக்கு. பிடிப்பதற்கு ஒரு வழி: அந்தத் தளத்தின் ஆசிரியர் குழுவில், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பதாகப் போட்டிருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய மெயில் முகவரியை ஜர்னல் தளத்திலிருந்து எடுக்காமல், அவருடைய பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுங்கள். ‘நீங்கள் இந்த ஜர்னலின் ஆசிரியர் குழுவில் இருக்கிறீர்களா?’ என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘என் பெயர் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது’ என்று பதில் வந்தால் கதை முடிந்தது.

ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அது வண்டி நம்பர் பிளேட் மாதிரி, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அது சொல்லாது. நம் நாட்டில் அந்த எண் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணும் அப்படித்தான், தரத்துக்குச் சான்று இல்லை. இம்பாக்ட் ஃபாக்டர் (ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று ஏதாவது எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது கிளாரிவேட் நிறுவனத்தின் அறிக்கையில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். முன்னால் ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் மேலே படிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, ‘யுஜிசி அப்ரூவ்டு’. இதை இன்றும் சொல்கிறார்கள், நோட்டீஸிலேயே அடிக்கிறார்கள். ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2019இல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டதாக யுஜிசியே அறிவித்துவிட்டது. இப்போது பட்டியல் கிடையாது, நல்ல ஜர்னலை எப்படித் தேர்வது என்று சில அளவுகோல்கள்தான் இருக்கின்றன. இல்லாத பட்டியலில் எப்படி அப்ரூவல் வரும்? பட்டியலை எடுத்துவிட்டு, ‘கல்லூரிகளே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். கல்லூரிகள் என்ன பார்க்கின்றன? கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் வருஷத்தில் எத்தனை பேப்பர் என்று எண்ணுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பவர் யார்? எண்ணிக்கைக்கு மார்க் கொடுக்கும் வரை எண்ணிக்கையை விற்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

மாநாட்டுக்கும் போக வேண்டாம். ஜர்னல்களும் மாநாடுகளும் நடத்தும் ஐதராபாத் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016இல் வழக்குப் போட்டது. வல்லுநர்கள் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டுச் செய்யாதது, கட்டணத்தை முதலில் சொல்லாமல் மறைத்தது, வருவதாக ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களின் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் பிடித்தது, இவைதான் குற்றச்சாட்டு. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் இன்னொரு புகாரும் உண்டு, உங்களுக்கு அதுதான் முக்கியம்: கட்டுரையைத் திரும்பக் கேட்ட ஆய்வாளர்களுக்கு அதைத் தரவில்லை. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

புதுச்சேரியில் இது நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்து ஜிப்மராகக் கோரிமேட்டில் நிற்கிறது. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, படித்து, அட்டவணை போட்டார்கள். 2005இல் அந்தச் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அதே ஊரில் ஜெராக்ஸ் கடை மாடியில் 15 நாளில் ஆய்வு தயார். சரி, விடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும்: ‘பெரிய ஜர்னல்களும் பணம் கேட்கின்றனவே?’ கேட்கின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்துபோய் நல்ல ஜர்னலையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

படிப்பவர் சந்தா கட்டும் ஜர்னல் ஒரு வகை. எழுதுபவர் எதுவும் தர வேண்டாம். ‘கரன்ட் சயின்ஸ்’ 1932 முதல் வருகிறது, நம் நாட்டுப் பத்திரிகைதான், கட்டுரை போடக் கட்டணம் வாங்குவதில்லை. இரண்டாவது வகை ஓப்பன் ஆக்சஸ். படிப்பவருக்கு இலவசம், செலவை எழுதுபவர் தலையில் வைப்பார்கள். இதில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். அடையாளம் என்ன? கட்டணம் எவ்வளவு என்று அவர்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருப்பார்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் பில் வரும். பணம் போவது பதிப்பாளர் கணக்குக்கு, யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு இல்லை. தள்ளுபடி உண்டா என்றும் எழுதியிருப்பார்கள். ஏழை நாடுகளுக்குத் தானாகவே தள்ளுபடி தரும் பதிப்பாளர்கள் பலரின் பட்டியலில் இந்தியா கிடையாது, அதனால் நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்க வேண்டியது கட்டுரையை அனுப்பும்போதே. ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பார்கள்.

மூன்றாவது வகையில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரே ஜர்னலில் இரண்டு வழியும் இருக்கும், ஹைப்ரிட் என்பார்கள். உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு படிவம் வரும். அதில் ஓப்பன் ஆக்சஸ் என்பது பளிச்சென்று முன்னால் நிற்கும், பக்கத்தில் இரண்டு மூன்று லட்ச ரூபாய் வரும் அளவுக்கு டாலரில் ஒரு தொகை இருக்கும். பார்த்ததும் நெஞ்சு அடைத்து, கட்டுரையையே திரும்ப வாங்கிவிட்டு ஏஜென்ட்டிடம் ஓடுகிறார்கள். நிதானமாகக் கீழே பாருங்கள். சந்தா வழியில் வெளியிடுவது என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் பைசா கிடையாது, கட்டுரையின் மதிப்பும் குறையாது. யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். கலர் படம் அச்சிட மட்டும் தனியாகக் கேட்பார்கள் சில இடங்களில், இணையத்தில் கலராகவும் அச்சில் கறுப்பு வெள்ளையாகவும் போதும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் விரலுறைக்கு அது போதும்.

எங்கே அனுப்புவது? எல்லாத் துறையையும் ஒரே குடையில் சேர்க்கும் ஜர்னலைத் தேடுவதை விடுங்கள். உங்கள் கையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முந்திரி ஓட்டு எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் யார் கையை, எந்த விரலை, எவ்வளவு அரிக்கின்றன என்பது ஒன்று. சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு சமாளிக்கும் பெண்கள் ஏன் கடையில் விற்கும் கையுறையைக் கழற்றி வைக்கிறார்கள், கிலோவுக்குக் கூலி என்னும்போது பருப்பு உடையாமல் எடுக்க விரல் நுனியில் உணர்வு எவ்வளவு வேண்டும், உங்கள் விரலுறை அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கட்டுரையில் திணித்ததால்தான் இருவரும் திருப்பினார்கள் என்று நினைக்கிறேன். முதலாவதைத் தொழில்சார் மருத்துவ ஜர்னலுக்கு அனுப்புங்கள், ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் அண்ட் என்விரான்மென்டல் மெடிசின்’ போல. இரண்டாவது எர்கனாமிக்ஸ் (வேலையையும் கருவியையும் மனித உடலுக்குப் பொருத்தும் துறை) ஜர்னலுக்கு, ‘அப்ளைடு எர்கனாமிக்ஸ்’ மாதிரி. இரண்டாவது கட்டுரையில் முதலாவதைக் குறிப்பிட்டுவிடுங்கள், ஒரே அட்டவணையை இரண்டிலும் போடாதீர்கள். வேறு பெயர்கள் வேண்டுமென்றால் உங்கள் தீசிஸின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் எந்த ஜர்னலை அதிகம் படித்து மேற்கோள் காட்டியிருக்கிறீர்களோ அதைப் படிப்பவர்கள்தான் உங்களையும் படிப்பார்கள்.

எட்டு மாதத்தில் வருமா? பொதுவாக, சரிபார்ப்புக்கே சில மாதம் ஆகும். அதனால்தான் முதலில் பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொன்னேன். கட்டாயம் என்று பதில் வந்தால், ஏற்பு மெயில் மட்டும் போதுமா, அச்சில் வந்திருக்க வேண்டுமா என்று அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பெண்களின் கையைப் படம் எடுத்து, புண்ணைக் கணக்கெடுத்திருக்கிறீர்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கினீர்களா? நல்ல ஜர்னல் முதலில் கேட்பது அந்த அனுமதி எண்ணைத்தான். ஆய்வு முடிந்த பிறகு பின்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் அனுமதி தராது, தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அது போலிச் சான்று, பின்னால் டிகிரியே போகும். உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ஒப்பந்தம் போட்டு வேறு நிறுவனத்தின் கமிட்டியைப் பயன்படுத்தலாம். இனி எடுக்கப்போகும் தரவுக்காவது இப்போதே விண்ணப்பியுங்கள், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வையுங்கள்.

அந்த ஜர்னலுக்குக் கட்டுரை ஏற்கனவே போயிருந்தால், ஏஜென்ட்டை விட்டுவிட்டு ஜர்னலின் மெயிலுக்கு நீங்களே எழுதுங்கள்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதம் இல்லை, பதிப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை என்று. கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கடைசி வரியை விட்டுவிடுங்கள். கைடுக்கும் ஒரு நகல் போடுங்கள். வாபஸ் வாங்கவும் காசு கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். அவர்களிடமிருந்து உறுதி வரும் வரை வேறு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது. 15 நாள் கழித்தும் பதில் வரவில்லையென்றால் இந்த மெயில்களை எல்லாம் சேர்த்து, புதிய ஜர்னலுக்கு அனுப்பும் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் உங்கள் மீதே திரும்பும். 5,000 ரூபாய்க்கு ரசீது கேட்டு வையுங்கள். ரசீது தர மாட்டார்கள், ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உங்களிடம் இருக்கிறதே, அதை அழிக்காமல் வைத்திருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போதும்.