சிற்பி கண்ட விலங்கும் காணாத விலங்கும்: கேள்வி பதில்

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மாமல்லபுரத்திலும் காஞ்சியிலும் தாராசுரத்திலும் உட்கார்ந்து, கல்லில் இருக்கும் விலங்குகளைப் பென்சிலால் வரைந்து பழகியவன். கலையில் காட்டு விலங்குகளின் அழகு பற்றியும் அவற்றுக்குச் சொல்லப்படும் பொருள் பற்றியும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்: ஐயா, எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலில் திரும்பிய பக்கமெல்லாம் சிங்கம். தமிழ்நாட்டுக் காடுகளில் சிங்கமே கிடையாதே. பார்க்காத விலங்கை எதற்காக இத்தனை முறை செதுக்கினார்கள்?

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், அம்மா. நர்மதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்ததற்கு வலுவான சான்று இல்லை. இன்று இந்தியாவில் அது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும்தான் இருக்கிறது. பல்லவச் சிற்பியிடம் வந்து சேர்ந்தது சிங்கத்தைப் பற்றிய பேச்சு மட்டுமே. ஆனால் அந்தப் பேச்சுக்கு மிகப் பெரிய மதிப்பு இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகரின் சாரநாத் தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்துவிட்டன. புத்தரைச் சாக்கிய சிங்கம் என்றார்கள். மகாவீரரின் சின்னமும் சிங்கம். துர்க்கைக்கு ஊர்தியும் அதுவே. அறம், அரசு, வீரம் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் சிங்கம் தெற்கே வந்தது.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது ஒரு சிங்கத்தின் எதிரே பத்து நிமிடம் நில்லுங்கள். பிடரி மயிர் சுருள் சுருளாக, வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டிருக்கும். கண்கள் உருண்டு வெளியே வந்திருக்கும். உயிருள்ள சிங்கத்தின் பிடரி அப்படி இருக்காது. விலங்கைக் காணாத கை, அழகை ஒழுங்கில் தேடியிருக்கிறது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த ஒழுங்குதான் பல்லவச் சிங்கத்தின் கம்பீரம்.

இன்னொன்று. அந்தக் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் நரசிம்மவர்மன். அவனுடைய பட்டப் பெயர் ராஜசிம்மன். கோயிலின் பழைய பெயரும் ராஜசிம்மேச்சுரம். அரசன் தன் பெயரைத் தூணுக்குத் தூண் எழுதி வைத்திருக்கிறான் என்றுதான் நான் படிக்கிறேன். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைத் தூண்களில் சிங்கம் தூணின் அடியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். காஞ்சிக்கு வரும்போது அது பின்னங்காலில் எழுந்து நின்றுவிடுகிறது.

தேயிலைத் தோட்டப் பணியாளர், வால்பாறை: நாங்கள் யானைகளோடு வாழ்கிறவர்கள். மாமல்லபுரத்துப் பாறையில் உள்ள யானைகளைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்ற கோயில்களின் யானைகளைப் பார்த்தபோது அப்படி ஆகவில்லை. இது என் மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லை, ஐயா. உங்களுக்குத் தெரிந்த விலங்கை அந்தச் சிற்பிக்கும் தெரியும், அவ்வளவுதான். சிங்கத்தில் கிடைக்காதது இங்கே அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் அந்தப் பாறை சுமார் 30 மீட்டர் நீளம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அதில் முன்னால் நிற்பது களிறு, பின்னால் பிடி. களிற்றின் வயிற்றுக்கு அடியிலும் கால்களுக்கு இடையிலும் குட்டிகள். சாலையைக் கடக்கும் யானைக் கூட்டம் குட்டிகளை எப்படி நடுவில் வைத்துக்கொள்ளும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் அந்தப் பாறையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யானையின் தோலில் சுருக்கங்களைச் சிற்பி செதுக்கவே இல்லை. பெரிய வழவழப்பான பரப்பாக விட்டுவிட்டான். ஆனால் எடை முழுவதும் கால்களில் இறங்குவது தெரிகிறது. எத்தனையோ முறை வரைந்து பார்த்தேன். அந்த எடை மட்டும் என் காகிதத்தில் வரவில்லை.

யானைக்குப் பொருள்கள் நிறைய உண்டு. மழைமேகம், செல்வம், அரசு. திருமகளின் இருபுறமும் நின்று நீர் சொரிவதும் யானைதான். எனக்குப் பிடித்தது வேறு. யானையின் பின்புறம் போல வளைந்த கோயில் அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். பெண்ணாடத்துக் கோயிலையே திருத்தூங்கானைமாடம் என்று தேவாரம் பாடுகிறது. மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதமும் அதே அமைப்பு. அதன் பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். ரதத்தின் வளைந்த பின்புறத்தையும் யானையின் முதுகையும் ஒரே பார்வையில் பாருங்கள். எது எதைப் பார்த்துப் பிறந்தது என்று புரியும்.

வங்கி ஊழியர், மதுரை: யாளி உண்மையில் வாழ்ந்து அழிந்துபோன விலங்கு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நம்பலாமா?

நம்ப வேண்டாம், தம்பி. அப்படி ஒரு விலங்கின் எலும்பு எங்கும் கிடைத்ததில்லை. கல்லே அதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. யானையை எந்தக் கோயிலில் பார்த்தாலும் அது யானைதான். யாளி அப்படி இல்லை. ஓர் இடத்தில் சிங்க முகம், ஓர் இடத்தில் துதிக்கையும் தந்தமும், இன்னோர் இடத்தில் வேறு ஏதோ ஒன்று. காட்டில் ஓர் உருவம் இருந்திருந்தால் சிற்பிகள் இத்தனை விதமாக மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இது பழைய கற்பனை. சங்கப் பாடல்களிலேயே ஆளி என்ற பெயரில், யானையையே அடித்து வீழ்த்தும் விலங்காக வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளிவரி என்று வரிசையாக ஓடுகிறது. அங்கே அது ஓர் அணிவேலை. நாயக்கர் காலத்தில் அதே யாளி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, தூணிலிருந்து பாய்கிறது. உங்கள் மதுரையிலேயே ஆயிரங்கால் மண்டபத்தில் அதைப் பார்க்கலாம். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை ஒன்று உருளும். விரலால் தள்ளலாம், வெளியே எடுக்க முடியாது. அந்த உருண்டை வெளியிலிருந்து வைக்கப்பட்டது இல்லை. வாய்க்குள்ளேயே, அதே கல்லில், உளியின் நுனி நுழையும் அளவு இடைவெளியில் குடைந்து பிரித்தது.

பொருள் என்ன என்றால், காவல். சிங்கத்தின் வலிமையும் யானையின் வலிமையும் ஒரே உடலில் சேர்ந்தால் அதை மீறி யார் உள்ளே வர முடியும்? படிக்கட்டின் இருபக்கமும் வாயிலிலும் அது நிற்பது அதனால்தான்.

வரலாற்று ஆர்வலர், திருச்சி: சோழர் சின்னம் புலி. புலி நம் காட்டு விலங்கு. அதன் அழகைக் காட்டும் சிற்பம் எங்கே இருக்கிறது?

சோழர் புலியை நீங்கள் கோயில் சுவரைவிடச் செப்பேட்டு முத்திரைகளிலும் காசுகளிலும் தேட வேண்டும். உத்தம சோழன் காசில் புலியும் மீனும் இருக்கின்றன. மீன் பாண்டியருடையது. பக்கத்தில் வில்லும் வந்தால் சேரரும் அடங்கினார் என்று பொருள். அங்கே புலி ஓர் எழுத்தைப் போல. அழகு பார்க்கச் செய்ததில்லை.

இலக்கியத்தில் புலி ஊக்கத்தின் உருவம். பருத்த உடலும் கூர்ந்த கொம்பும் இருந்தும் யானை புலி தாக்கினால் அஞ்சும் என்று ஊக்கமுடைமையில் வள்ளுவர் சொல்வது அதைத்தான். ஆனால் கல்லில் புலி பெரும்பாலும் தோற்கும் பக்கத்தில் நிற்கிறது. சிவனுக்கு அதன் தோல் ஆடை. உங்கள் பக்கத்தில் ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கள். முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை மேலிருந்து வீரன் ஈட்டியைப் பாய்ச்ச, கீழே புலி. எல்லாரும் குதிரையைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து புலியைப் பாருங்கள்.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று ஒன்று உண்டு. வாயிலைச் சுற்றி 11 தலைகள். அவை யாளித் தலைகள். புலியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துவிடாமல் இருக்க முன்பே சொல்லிவிடுகிறேன்.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: வீட்டு வரவேற்பறையில் புலி படம் மாட்டினால் சண்டை வரும் என்கிறார்கள். உண்மையா?

சாத்திரப் பலன் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அம்மா. ஓவியனாகச் சொல்கிறேன்: தினமும் பார்க்கும் படத்தில் விலங்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல்லைக் காட்டிப் பாயும் புலி ஒரு வாரத்தில் கண்ணுக்குச் சலித்துவிடும். தண்ணீர் குடிக்கும் புலி சலிக்காது.

நடன ஆசிரியை, தஞ்சாவூர்: செப்புத்திருமேனிகளில் சிவன் கையில் மான் நிற்கிறது. எதற்கு அத்தனை சிறிய மான்?

தாருகாவனத்து முனிவர்கள் சிவன் மேல் கோபம் கொண்டு வேள்வியிலிருந்து ஏவியவற்றுள் மானும் ஒன்று என்பது புராணம். துள்ளும் மனத்துக்கு அது உவமை, அதை அடக்கியவர் இறைவன் என்று விளக்குவார்கள். இரண்டும் சரி. ஆனால் சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக இருக்கும் சோமாஸ்கந்தர் திருமேனியில் அதை அருகே பார்க்க வாய்த்தால், விரல் நுனிகளில் மான் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். கை அதை இறுக்கிப் பிடித்திருக்காது. மானின் முகமும் கையை விட்டு ஓடுகிற முகமாக இருக்காது. கையால் முத்திரை பிடிக்கும் உங்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருள் பொறியாளர், சென்னை: வெளிநாட்டு ஓவியங்களில் விலங்குகள் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. நம் சிற்பிகளைப் போலப் பார்க்காமலே வரைந்தவர்கள் அங்கும் உண்டா?

உண்டு. அதில் புகழ்பெற்றதே நம் நாட்டு விலங்குதான். குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியருக்குக் கிடைத்த காண்டாமிருகம் ஒன்று 1515 மே மாதம் கப்பலில் லிஸ்பன் போய் இறங்கியது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. வந்த கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து அதே ஆண்டு மரச்செதுக்கில் அச்சிட்டார். தோல் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாக மாறிவிட்டன. கழுத்துக்குப் பின்னால் இல்லாத சிறு கொம்பு ஒன்றும் முளைத்துவிட்டது. 200 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா அதையே காண்டாமிருகம் என்று நம்பியது. அந்த விலங்கோ, போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டபோது இத்தாலிக் கடலில் கப்பலோடு மூழ்கிப்போனது. டியூரரின் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். காஞ்சிச் சிங்கத்தின் உறவு அது.

இதற்கு மறுபக்கம் பிரான்சின் சோவே குகை. 1994இல் கண்டுபிடித்தார்கள். 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கரிக்கோடுகள். சிங்கங்கள் ஒன்றையொட்டி ஒன்றாகத் தலையை நீட்டி இரையையே பார்க்கின்றன. அவற்றுக்குப் பிடரி இல்லை; அந்தக் குகைச் சிங்கங்கள் அப்படித்தான் இருந்தன. வரைந்தவன் அவற்றை நேரில் கண்டவன், பயந்தவன். அந்தப் படங்களுக்கு என்ன பொருள் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. இருந்தும் பார்த்தவுடன் மூச்சு நிற்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அசீரிய அரசன் அசுர்பானிபாலின் வேட்டைச் சிற்பங்கள் இருக்கின்றன; கி.மு. 645 அளவில் நினிவே அரண்மனைக்காகச் செய்தவை. சிங்கத்தைக் கொல்லும் அரசனின் பெருமையைச் சொல்வதே நோக்கம். ஆனால் அதில் ஒரு பெண்சிங்கம், முதுகில் அம்புகள் தைத்து, செயலிழந்த பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, முன்னங்கால்களில் எழுந்து கர்ஜிக்கிறது. அரசனின் முகம் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பெண்சிங்கத்தை என்னால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும்.

பள்ளி ஆசிரியர், செங்கல்பட்டு: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை மாமல்லபுரம் அழைத்துப் போகிறேன். தவம் செய்யும் பூனையின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன காட்டலாம்?

பூனையின் கதையைத் திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லுங்கள், சார். கங்கைக் கரையில் தவசி வேடம் போட்டு எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனை அது. மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில் வருகிறது. பாறைக்கு முன்னால் நிற்கும்போது கதை வேண்டாம். மேலே ஒற்றைக்காலில் கைகளைத் தூக்கி நிற்கும் தவசியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு, அதே மாதிரி முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் இன்னொருவரைத் தேடச் சொல்லுங்கள். பூனையைக் கண்டதும் சிரிப்பார்கள். காலடியில் எலிகளைக் காட்டுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். பாறை கிழக்கு நோக்கியது. சாய்ந்த வெயில் விழும்போதுதான் புடைப்புகளுக்கு நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அருகில் தனிக்கல்லில் குரங்குக் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. அதையும் காட்டுங்கள்.

கடைசியாக, பாறையில் மான் ஜோடி ஒன்று உண்டு. ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. எந்தப் புராணத்திலும் அதற்கு வேலை இல்லை. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, அந்தக் காலையும் மூக்கையும் மட்டும் வரையச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். வரைந்த தாள்களை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.