சீமெந்துத் தரை

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு விடும் பெரியம்மா வருகிற உங்கள் கதையை மூன்று தரம் வாசித்தேன். அப்படியொருவர் உண்மையில் இருந்தாரா? இருந்திருந்தால், தன் வீட்டில் இருந்த பொடியனையே தெரியாது என்று அவர் சொன்னதாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நானும் என் அப்பாவைப் பற்றி ஒரு கதை தொடங்கினேன். குடி, கடன் எல்லாம் வருகிறது. "ஊர் சிரிக்க வைக்கப் போறியா?" என்கிறார் அம்மா. நிறுத்திவிட்டேன்.

ம., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ம.,

இருந்தார். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் வீடு. 1996இல் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்த நாங்கள் ஐந்து பேர் மேல்மாடி அறையில். கீழே ஒரு ரெலிபோன். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ யாருக்கு அழைப்பு வந்தாலும் பெரியம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, சீ.ஆர். கொப்பியில் பெயர், நேரம், எத்தனை நிமிடம் என்று குறிப்பார். பேனையைச் சணல் கயிற்றால் கொப்பியோடு கட்டி வைத்திருந்தார். வரும் அழைப்புக்கு அவருக்கு என்ன செலவு? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கொப்பியிலிருந்துதான் கதை பிறந்தது.

கதை வெளிவந்து கொஞ்ச நாளில் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவே அழைத்தார். வயிற்றுக்குள் புளியைக் கரைத்தது. "தம்பி, எங்கட வீட்டில எப்ப சீமெந்துத் தரை கிடந்தது? ரெறாசோ எல்லே?" என்றார். கொப்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அது சரி, அந்தக் கஞ்சப் பொம்பிளை ஆர்? உன்ர மாமியோ?" ஓம் என்றேன். மாமி பாவம்.

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கும் இது நடந்திருக்கிறது. ‘நிக்கலஸ் நிக்கிள்பி’ நாவலில் வரும் மிஸிஸ் நிக்கிள்பி என்ற பாத்திரம் அவருடைய தாய்தான். அந்த அம்மாவோ, இப்படியும் ஒருத்தி இருப்பாளென்று நீ நம்புகிறாயா என்று மகனிடமே கேட்டாராம். ஆனால் 1849இல் ‘டேவிட் கொப்பர்ஃபீல்ட்’ மாதாமாதம் வந்துகொண்டிருந்தபோது, மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண்ணில் தன்னைக் கண்டுகொண்ட அயல்வீட்டுப் பெண்மணி மனம் நொந்து கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் மன்னிப்புக் கேட்டார். பின்னால் வந்த பகுதியில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாகவே மாற்றினார். தாயிடமிருந்து எடுத்தது அவர் கதைக்கும் விதத்தை. யாருக்குத்தான் தன் பேச்சு காதில் விழுகிறது? அயல்வீட்டுக்காரியிடமிருந்து எடுத்தது உடம்பை. அதைத் தெருவே அறியும். உங்கள் அப்பாவுக்கு நடையில் ஏதும் சாய்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இனி அந்தத் ‘தெரியாது’. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

படையினர் வீடு வீடாகத் தேடிய ஒரு சுற்றிவளைப்பு இரவு. பெரியம்மா வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லோடு, ஐந்து பேரும் தன் வீட்டுப் பொடியள் என்று வாதாடினார். கொப்பியைக்கூடக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். மேலே வந்தவர்கள் என் பக்கத்தில் நின்றவனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். "நேற்றுத்தான் வந்தவர், வடிவாத் தெரியாது" என்றது நான். எட்டு மாதம் என்னோடு ஒரே பாயில் படுத்தவன். இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். வந்து குளித்துவிட்டு, சாப்பிட ஏதும் இருக்கா என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

கதையில் அந்தச் சொல்லை முதலில் ‘நான்’ தான் சொன்னேன். எழுதிக் கிழித்தேன், திரும்ப எழுதினேன். கை வரவில்லை. கடைசியில் பெரியம்மாவின் வாயில் வைத்துவிட்டேன். அவர் என்னை ஏச வேண்டியது அதற்குத்தான், தரையோடு விட்டுவிட்டார்.

உங்கள் கதையை எழுதி முடியுங்கள். முடியும்வரை அம்மாவுக்குக் காட்டாதீர்கள். அப்பா புறக்கோட்டைக் கடையில் நின்றவரென்றால் கதையில் ரயில்வேயில் வேலை செய்யட்டும். கொட்டாஞ்சேனையைத் தெஹிவளை ஆக்குங்கள். ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. கடன்காரர் வந்து கதவைத் தட்டியபோது, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்ல யாரை அனுப்பினார்கள்? உங்களைத்தான் என்றால், அந்தக் கதவடியிலிருந்து தொடங்குங்கள்.