நத்தையும் நானும்: வாசகர் கேள்வி

கேள்வி: கிராமத்தில் வாழும் பால்புதுமையர் (குயர்) நான். ஊருக்கு உடைத்துச் சொல்லாமல், என்னை விலங்கு ஓவியத்தில் கொண்டுவர நினைக்கிறேன். வாட்டர்கலரில் நத்தை வரைந்தால் நிறம் சேறாகிவிடுகிறதே?

பதில்: நத்தை அருமையான தேர்வு. பெரும்பாலான நில நத்தைகளுக்கு ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஓருடலிலேயே உண்டு. மழை ஓய்ந்த இரவில் இணைசேரும் ஜோடியைத் தொடாமல் பார்த்து, பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் நெளிந்து, பள்ளத்தில் நிறம் தேங்கும். முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மறுபடி தேய்ப்பதால்தான் சேறாகிறது. முழுக்கக் காயட்டும், ஒரு கலவைக்கு இரண்டு நிறம் போதும். ஈரப் பளபளப்புக்கு வெள்ளை வண்ணம் பூசாதீர்கள், சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும். தாளின் வெண்மையை அப்படியே விடுங்கள். வானவில் நிறங்கள் அவசியமே இல்லை (அவை பால்புதுமையரின் அடையாளம் என்று பலருக்கும் தெரியும்). தலைப்பாக உயிரினத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். மீதியை யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.