அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள பாலைவன ட்ரெயில்களில், வயதானவர்களும் குழந்தையும் உள்ள குடும்பம் எங்கெல்லாம் நடக்கலாம்?

டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் ஃபீனிக்ஸ் வருகிறோம், அப்பா அம்மா எழுபதை நெருங்குகிறார்கள், மகளுக்கு எட்டு வயது, கணவர் மாரத்தான் ஓடுகிறவர், எல்லாருக்கும் ஏற்ற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "நாங்கள் மதுரைக்காரர்கள், வெயில் எங்களுக்குப் புதிதில்லை" என்று ஒரு வரி. பதிலை அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நானும் அதே நம்பிக்கையோடு வந்தவன்.

பதினோரு வருடமாகப் பக்கத்து ஊரான சாண்ட்லரில் இருக்கிறேன். வந்த முதல் வருடம், மே மாதம், காலை பத்து மணிக்கு பையெஸ்டெவா சிகரம் ஏறப் போனேன். கையில் அரை லிட்டர் தண்ணீர். உச்சி 2,608 அடி, பாதை ஒரு பக்கம் ஒன்றேகால் மைல் கூட இல்லை, இதற்கு எதற்கு இரண்டு பாட்டில் என்று நினைத்தேன். நம்ம ஊரில் வியர்வை வழிந்து சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று அதுவே சொல்லிவிடும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். உச்சியில் உட்கார்ந்தபோது சட்டை துவைத்துக் காயப்போட்டது மாதிரி உலர்ந்திருந்தது. மார்பில் மட்டும் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது பாதி வழியில் கை மயிர் சிலிர்க்க ஆரம்பித்தது, அந்த வெயிலில் குளிர்கிற மாதிரி இருந்தது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. அந்த வழியாக வந்த ஒரு வயதான அம்மா ஒரு பாட்டில் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்து, அரைமணி நேரம் கூட உட்கார்ந்திருந்து, கீழே வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் தூரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும். உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும்.

நீங்கள் வருவது டிசம்பர் என்பதால் காலம் உங்கள் பக்கம். பகலில் 65, 70 டிகிரி பாரன்ஹீட், நம்ம கணக்கில் 20 செல்சியஸ் சுமார். காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். ஆனால் குளிர்காலத்தில் தாகம் தெரியாது, காற்று மட்டும் அதே வறட்சிதான். அப்பா அம்மாவுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடிக்கச் சொல்லுங்கள்.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

முதல் நாள் எல்லாருமாக ஸ்காட்ஸ்டேலில் இருக்கிற மெக்டவல் சோனோரன் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். 30,000 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். அனுமதி இலவசம், பார்க்கிங்கும் இலவசம். கேட்வே என்ற நுழைவாயிலில் பஹாடா நேச்சர் ட்ரெயில் என்று அரை மைல் சுற்று ஒன்று உண்டு. சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சமதளம். என் அப்பா வந்தபோது அவருக்கு முழங்கால் வலி, இங்கேதான் கூட்டிப்போனேன். அரை மைலை முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கால் காரணமில்லை, ஒவ்வொரு சவாரோவுக்கும் முன்னால் நின்றுவிட்டார்.

சவாரோ என்பது இந்தச் சோனோரன் பாலைவனத்துக்கே உரிய பெரிய கள்ளி. நாற்பது அடி வரை வளரும், 150 வருடத்துக்கு மேல் வாழும். முதல் கிளை விடவே ஐம்பது, எழுபது வருடம் ஆகும். தண்டு முழுக்கப் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்புகள். மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சி மடிப்பு விரியும், வறட்சியில் மறுபடி சுருங்கும். மரங்கொத்தி தண்டில் பொந்து போட்டால், கள்ளி அந்தக் காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் மரப்பட்டை மாதிரி கெட்டியாக ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். மரங்கொத்தி காலி செய்த பொந்தில் அப்புறம் குட்டி ஆந்தை குடிவரும். அனுமதி இல்லாமல் சவாரோவை வெட்டினால் சட்டப்படி குற்றம் என்று அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல வேலிக்கு வைக்கிற கள்ளி, இங்க கள்ளிக்கே வேலி போட்டு வச்சிருக்கானே" என்றார் அப்பா. ஊருக்குப் போன பிறகும் போனில் பேசும்போதெல்லாம் "அந்தக் கள்ளி எப்படிடா இருக்கு?" என்று கேட்பார்.

பெற்றோர் அங்கே உட்கார்ந்திருக்க, நீங்களும் மகளும் அதே இடத்தில் கேட்வே லூப் நடக்கலாம். நாலரை மைல், மிதமான ஏற்றம். எட்டு வயதுக் குழந்தைக்கு அது அதிகமாகப் பட்டால் நகருக்குள்ளேயே பாப்பகோ பூங்கா இருக்கிறது. செம்பாறையில் இயற்கையாக விழுந்த ஒரு பெரிய ஓட்டை, பெயரும் ஹோல் இன் தி ராக் என்பதுதான். பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம். சாயங்காலம் போனால் ஓட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நகரத்தில் விளக்கு ஏறுவதைப் பார்க்கலாம். ஆனால் கடைசிப் படிகள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், குழந்தையின் கையை விடாதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு மலை உச்சியில் நிற்கும் ஆசை இருந்தால் சவுத் மவுண்டன் பூங்காவுக்குக் காரிலேயே போகலாம். 16,000 ஏக்கர், நகராட்சிப் பூங்கா! டாபின்ஸ் லுக்அவுட் என்ற 2,330 அடி உயர மேடு வரை தார் ரோடு உண்டு. உங்கள் கணவர் கீழேயிருந்து ஹோல்பர்ட் ட்ரெயிலில் ஏறி வரட்டும், மேலே சந்தித்துக்கொள்ளுங்கள். வழியில், பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த ஹோஹோகம் மக்கள் பாறையில் கொத்திவைத்த சித்திரங்கள் கண்ணில் படும். தொட வேண்டாம், கை எண்ணெய் பட்டால் கெட்டுவிடும்.

கணவர் நிச்சயம் கேமல்பேக் மலையைக் கேட்பார். எல்லாரும் கேட்கிறார்கள். எக்கோ கேன்யன் வழியாக ஒன்றேகால் மைலில் 1,200 அடிக்கு மேல் ஏற்றம். சில இடங்களில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் கையும் காலும் வைத்துத்தான் ஏற வேண்டும். ஓட்டப் பயிற்சி உள்ளவருக்குப் பிடிக்கும். பெற்றோரும் குழந்தையும் வேண்டவே வேண்டாம். கடும் வெப்ப எச்சரிக்கை இருக்கும் நாட்களில் இந்த மலையையும் பையெஸ்டெவாவையும் காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை நகராட்சி மூடிவிடுகிறது. 2021இல் ஆரம்பித்தார்கள். 2023 கோடையில் இங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவில்லை. கோடையில் வரும் உறவினர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

ஆனால் ஒரே ஒரு ட்ரெயில்தான் போக முடியும் என்றால் நான் கேமல்பேக்கைச் சொல்ல மாட்டேன். கிழக்கே சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் சூப்பர்ஸ்டிஷன் மலைகள். அங்கே பெரால்டா ட்ரெயிலில் ஃப்ரீமான்ட் சாடில் என்ற கணவாய் வரை போய் வாருங்கள். போக வர நாலரை மைல் சொச்சம், ஏற்றம் 1,300 அடி அளவில், அங்கே போகும் கார் பாதையில் கடைசிச் சில மைல் மண் சாலை. இரண்டு மணி நேரம் பள்ளத்தாக்குக்குள் ஏறிக்கொண்டே இருப்போம், எதிரே வானம் மட்டும்தான் தெரியும். கணவாயில் கால் வைத்த அந்த நொடியில் எதிர்ப்பக்கம் வீவர்ஸ் நீடில் என்ற பாறைத்தூண் அடியிலிருந்து நுனிவரை முழுசாக எழுந்து நிற்கும். ஏழு தடவை போயிருக்கிறேன், ஏழு தடவையும் பேச்சு நின்றுபோனது. அங்கே யாரும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நீங்களும் கணவரும் ஒரு காலை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். இதைவிடக் கடினமாக வேண்டுமென்றால் பக்கத்திலேயே லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்காவிலிருந்து ஃப்ளாட்அயர்ன் ஏறலாம். 2,700 அடி ஏற்றம், முக்கால்வாசி நாள் போய்விடும். டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், தலையில் மாட்டும் விளக்கு இல்லாமல் கிளம்பவே கூடாது.

அப்புறம், பையில் ஒரு சீப்பு வையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இங்கே சோல்லா என்று எழுதி ச்சோயா என்று சொல்லும் ஒரு கள்ளி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு பொம்மை மாதிரி, வெயில் பட்டால் பொன்னாக மினுங்கும், குழந்தைகள் தொடப் போவார்கள். உரசினாலே போதும், துண்டு கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். என் மகனின் கெண்டைக்காலில் எலுமிச்சம்பழம் அளவு துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டது. கையால் எடுக்கப் போய் என் விரல்களிலும் ஏறிவிட்டது. முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. தோலுக்கும் துண்டுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாக ஒரே வீச்சில் தள்ள வேண்டும். தங்கிவிட்ட முள்ளைப் பிடுங்க ட்வீசர். சாரைப் பாம்பைக் கண்டே ஓடுகிற அம்மாவுக்கு ஒரு தகவல்: கிலுகிலுப்பைப் பாம்புகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் வெளியே வராது. என்றாலும் கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் வாரத்தில் மழை பெய்தால் அன்றைய திட்டத்தை மாற்றிவிடுங்கள், உலர்ந்த ஓடைகளில் வெள்ளம் திடீரென்று வரும். மறுநாள் காலை மட்டும் எங்கேயாவது கட்டாயம் நடந்துவிடுங்கள். கிரியோசோட் என்ற புதர் எல்லா ட்ரெயில் ஓரத்திலும் இருக்கும், சின்னச் சின்ன மெழுகுப் பச்சை இலை. நாலைந்து இலையை உள்ளங்கையில் குவித்துக்கொண்டு, வாயால் ஓர் ஊது ஊதிவிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லி மகளிடம் கொடுங்கள். இந்த ஊர் மழைக்கு அந்த மணம்தான்.