படத்தில் அகப்படாத காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கோடையில் கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள மழைக்காட்டையும் அதை ஒட்டிய கடற்கரையையும் பார்த்து வந்தேன். நூற்றுக்கணக்கில் புகைப்படங்கள் எடுத்தும் ஒன்றிலும் அந்தக் காடு அகப்படவில்லை. கலைஞர்களுக்கு இத்தனை உந்துதல் தரும் நிலங்கள், என்னைப் போன்ற பயணிகளை ஏன் வெறும் மலைப்போடு திருப்பி அனுப்பிவிடுகின்றன?

வாசகி ஒருவர், கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அதே தீவில், விக்டோரியா நகரில் 1871-இல் பிறந்த ஓவியர் எமிலி காருக்கும் அந்தக் காடு எளிதில் வசப்படவில்லை. சான்பிரான்சிஸ்கோவிலும் இங்கிலாந்திலும் பயின்று, பிரான்சில் அழுத்தமான வண்ணங்களைத் துணிந்து கையாளக் கற்றுத் திரும்பிய அவர், 1912-இல் வடக்கே ஹைடா க்வாய் தீவுகள் வரை சென்று, பழங்குடியினரின் ஊர்களையும் அங்கு நின்ற செதுக்குத் தூண்களையும் வரைந்தார். மறு ஆண்டு ஏறத்தாழ 200 ஓவியங்களை வான்கூவர் நகரில் காட்சிக்கு வைத்தும் போதிய ஆதரவு கிட்டாததால், விடுதி நடத்தியும் நாய் வளர்த்து விற்றும் பிழைத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மிகக் குறைவாகவே வரைந்தார். 1927-இல் ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. அப்போது அறிமுகமான ஓவியர் லாரன் ஹாரிஸ்தான், தூண்களை விட்டு நிலத்தையே நேராக நோக்கும்படி அவருக்குப் பின்னர் அறிவுறுத்தினார்.

ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பெரும்பாலும் அண்மை, இடை, தொலைவு என்ற அடுக்குகளையும் அடிவானத்தையும் நம்பி நிற்பது. சீடர், ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருங்கி நிற்கும் அந்தக் காட்டின் நடுவில் தொலைவும் இல்லை, அடிவானமும் இல்லை. வெளிச்சம் மேலிருந்து சிதறி இறங்குகிறது. உங்கள் கேமராவுக்கு நேர்ந்ததும் இதுவே என்று நினைக்கிறேன்: அடிமரம் கிடைத்தது, காடு கிடைக்கவில்லை.

எமிலி கார் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. 1930-களில் அவர் எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்து, விலை மலிவான மணிலாத் தாளில் தீட்டினார். வண்ணம் விரைவில் உலர்ந்ததால், கையின் முழு வீச்சோடு நீண்ட கோடுகளை இழுக்க முடிந்தது. மரங்களைத் தனித்தனியாக எண்ணாமல், அவற்றினூடே ஓடும் அசைவை ஒரே இழுப்பில் பிடிக்க முடிந்தது. 1933-இல், அறுபதைக் கடந்த வயதில், ஒரு பழைய கேரவனை வாங்கி, அதைக் காட்டோரம் நிறுத்தி அங்கேயே தங்கி வரைந்தார். கடற்கரைக்கு வந்தபோது அதே வீச்சு வானத்துக்குப் பொருந்தியது. பாறைகளைத் தாளின் அடியில் ஒதுக்கிவிட்டு, ஒளியின் அலைகளால் மீதியை நிரப்பினார். வெட்டுமரத் தொழில் விட்டுச்சென்ற அடிக்கட்டைகளையும் அவர் மறைக்கவில்லை.

ஆகவே நிலம் உந்துதலைக் கையில் கொடுத்தனுப்புவதில்லை என்றே நான் கருதுகிறேன். கற்று வந்த முறை இங்கே போதாது என்று அது காட்டுகிறது. கலைஞர் அங்கேயே தங்கி வேறு முறை தேடுகிறார், பயணி அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார். நீங்கள் கொண்டுவந்த மலைப்பு அந்தத் தேடலின் தொடக்கமே, அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையை மனிதர் கால் படாத காடு என்று பயணிகள் வியப்பது சரியல்ல. 1862-இல் பரவிய பெரியம்மையால், ஹைடா க்வாய் தீவுகளின் பழங்குடியினரான ஹைடா மக்களின் பல ஊர்கள் வெறிச்சோடின. அவற்றுள் ஒன்றான ஸ்கங் க்வாய் 1981-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த முறை காட்டுக்குள் செல்வதற்கு முன், வான்கூவர் கலைக்கூடத்தில் உள்ள எமிலி காரின் ஓவியங்களின் முன் சற்று நேரம் நின்றுவிட்டுச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்