முடிக்காத நிரலைப் பிறர் பார்வைக்கு அனுப்பலாமா?

கேள்வி: வெப்பநிலை அளக்கும் ஒரு சென்சாருக்காக லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இயங்கும் டிரைவர், அதாவது அந்தச் சென்சாரை இயக்கும் நிரல், எழுதி வருகிறேன். அளவைப் படிக்கும் பகுதி வேலை செய்கிறது. சென்சார் தானே சைகை அனுப்பிக் கணினியின் கவனத்தை ஈர்க்கும் இன்டரப்ட் பகுதியில் தடுமாறுகிறேன். பாதியில் நிற்கும் நிரலை மூத்த நிரலாளர்களுக்கு அனுப்புவது மரியாதைக் குறைவாகுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தாராளமாக அனுப்பலாம், ஆனால் எது முடியவில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது, அது வேறு வகைக் கணினிகளுக்கு எளிதில் மாற்றத்தக்கதன்று என்பதையும் சேர்த்தே எழுதி, பிறருடைய கருத்தைக் கேட்டார். அடித்தளமே தவறு என்பது ஆயிரம் வரி எழுதிய பிறகு தெரிவதைவிட, இருநூறு வரியிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

இதற்காகவே கெர்னல் நிரலாளர்களிடம் 'ஆர்எஃப்சி' (RFC, Request for Comments) என்ற வழக்கம் இருக்கிறது. கருத்துக் கேட்டு அனுப்புகிறேன், இப்போதே இணைக்க வேண்டாம் என்பது அதன் பொருள். நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் நிரல் மாற்றமான பேட்ச்சின் தலைப்பில் இந்தச் சொல் இல்லாவிட்டால், கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் அதை இணைப்பதற்கு வந்ததாகவே எண்ணி வரிவரியாகப் படிக்கிறார். பிழை நேர்ந்து வெளியேறும் இடத்தில் நினைவகம் விடுவிக்கப்படவில்லை என்று மெனக்கெட்டு எழுதுகிறார். "தெரியும், பிறகு சரிசெய்ய இருந்தேன்" என்று நீங்கள் பதில் அனுப்புகிறீர்கள். அவருடைய ஒரு மாலைப்பொழுது அதில் போய்விட்டது. சொந்த வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கிப் படிப்பவர்களுக்கு இப்படி நேர்வதைக் காணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பேட்ச்சுடன் அனுப்பும் முகப்புக் கடிதத்தில் உங்கள் நிலையை மறைக்காமல் எழுதுங்கள். "அளவைப் படிக்கும் பகுதியை என்னிடமுள்ள பலகையில் சோதித்துவிட்டேன், இன்டரப்ட் பகுதி வெறும் கூடுதான், மின்சேமிப்பை இன்னும் தொடவில்லை. இன்டரப்டை நம்புவதா, குறித்த இடைவெளியில் நாமே அளவைக் கேட்டு வாங்குவதா என்பதே என் கேள்வி" என்ற அளவில் இருந்தால், படிப்பவருக்கு எங்கே கண் வைக்க வேண்டும் என்பது உடனே விளங்கும். "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினால், எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. நிரல் கம்பைல் ஆகாத நிலையில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரமாவது பொறுத்த பிறகே நினைவூட்டுங்கள். புதிய மாற்றங்கள் கெர்னலில் சேர்க்கப்படும் இரண்டு வாரங்களில் பராமரிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. அப்போது இன்னும் பொறுக்க வேண்டும்.

திருத்தி அனுப்பும்போது தலைப்பில் இரண்டாம் பதிப்பு என்பதற்கு 'வி2' (v2) என்று குறித்து, மாற்றங்களைப் பேட்ச்சின் விளக்கத்துக்கு அடுத்து வரும் மூன்று சிறுகோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் சேராது, படிப்பவருக்கு மட்டும் பயன்படும். யார் சொன்னதை ஏற்று எதை மாற்றினீர்கள் என்பதோடு, ஏற்காத கருத்து இருந்தால் அதற்கான காரணத்தையும் அவருக்கே பதிலாக எழுதிவிடுங்கள்.