சொந்த நடையில் எழுதினால் தமிழில் மார்க் குறையுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பாடத்திட்டத்தில் 10ஆம் வகுப்பு படிக்கிறாள். கதைப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. ஆனால் காலாண்டுத் தேர்வில் தமிழில் 61தான். முல்லைப்பாட்டில் வரும் விரிச்சி பற்றிய 3 மதிப்பெண் வினாவுக்குச் சொந்த நடையில் எழுதியிருக்கிறாள். 1 மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 'கைடில் இருப்பதை வார்த்தை மாறாமல் எழுது, சொந்தச் சரக்கு வேண்டாம்' என்று டியூஷனில் சொல்கிறார்கள். 1,800 ரூபாய்க்கு 'சென்டம் நோட்ஸ்' வாங்கவும் சொல்கிறார்கள். வாங்கலாமா? விடைத்தாளின் படத்தை இணைத்திருக்கிறேன்.
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்த நோட்ஸை வாங்காதீர்கள் அம்மா. உங்கள் மகள் சொந்த நடையிலேயே எழுதட்டும். பொதுத்தேர்விலும் அதற்குத் தடை கிடையாது. விடைக்குறிப்பில் உள்ள வாக்கியங்கள் அப்படியே வரவேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. கேட்ட செய்தி இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இப்போது படத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் எழுதியது இது: "மழை நேரத்தில் அம்மா வராமல் கன்றுக்குட்டி தவிக்கிறது. குளிரில் நடுங்கும் பெண் அதற்குச் சமாதானம் சொல்கிறாள். எங்கள் பாட்டி வீட்டுக் கன்றும் இப்படித்தான் கத்தும்." அந்தப் பாட்டின் உயிரான இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறாள். நான் திருத்தியிருந்தால் 2 போட்டிருப்பேன். 3 போட்டிருக்க மாட்டேன். ஏன் என்றால், வினா விரிச்சியைப் பற்றியது. அதாவது, நினைத்த காரியம் நல்லபடி முடியுமா என்று அறிய ஊர்ப்புறம் போய், பிறர் வாயில் வரும் நல்ல சொல்லுக்குக் காத்து நிற்பது. விரிச்சி என்ற சொல்லே விடையில் இல்லை. யார் போனார்கள், எதற்குப் போனார்கள், என்ன செய்தார்கள் என்பதும் இல்லை. கன்று இருக்கிறது, கேட்ட சேதி இல்லை.

இதையே அவள் நடையில், அவள் வயதுக்கு, இப்படி எழுதலாம்: "போருக்குப் போன தலைவன் எப்போது வருவான் என்று தலைவி தவிக்கிறாள். வயது முதிர்ந்த பெண்கள் மாலை நேரத்தில் ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். நாழியில் கொண்டுபோன நெல்லையும் முல்லைப் பூவையும் தூவிக் கும்பிட்டு, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் வருகிறதா என்று காத்து நிற்கிறார்கள். இதுதான் விரிச்சி. அப்போது குளிரில் நடுங்கும் ஓர் இடைப்பெண், தவிக்கும் கன்றைப் பார்த்து, 'உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்' என்கிறாள். கன்றுக்குச் சொன்னதைத் தலைவிக்குச் சொன்ன நல்ல சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள்." அவ்வளவுதான். கைடு வாக்கியம் ஒன்றுகூட இதில் இல்லை. முழு மதிப்பெண் கொடுக்காமல் இருக்க முடியாது. பாட்டி வீட்டுக் கன்றை அவள் கடைசியில் சேர்த்துக்கொண்டாலும் யாரும் குறைக்க மாட்டார்கள். ஆனால் கேட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டி வீட்டுக்குப் போகவேண்டும்.

அவளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். வினாவில் எந்தச் சொல் கேள்வியைத் தாங்கி நிற்கிறதோ அதன் கீழே பென்சிலால் கோடு போடட்டும். விடையின் முதல் இரண்டு வரிக்குள் அந்தச் சொல் வந்துவிட வேண்டும். அப்புறம் பாட்டிலிருந்தே ஒன்றிரண்டு சொற்களை எடுத்து வைக்கவேண்டும். மற்றதெல்லாம் அவள் சொந்த வாக்கியம். 3 மதிப்பெண் என்றால் மூன்று செய்தி. ஒன்றையே மூன்று விதமாகச் சொன்னால் ஒரு மதிப்பெண்தான் வரும்.

அந்தப் பாட்டில் இன்னோர் இடம் இருக்கிறது. உங்கள் மகளை மாதிரிப் படிக்கிற பிள்ளைக்கு அதை யாரும் காட்டாமல் விட்டது எனக்குத் தாங்கவில்லை. 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள் அந்த இடைப்பெண். வரப்போவது பசுக்கள். 'வரும்' என்று சொல்லியிருக்கலாம். 'வருகுவர்' என்கிறாள், மனிதர்களைச் சொல்வதுபோல. 'பசு' என்றும் சொல்லவில்லை, 'தாயர்' என்கிறாள். அதே பாடநூலின் இலக்கணப் பகுதிக்குப் போனால், மாட்டைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வது உவப்பினால் வந்த திணை வழுவமைதி, அதாவது திணை மாறியிருந்தாலும் காரணம் கருதிச் சரி என்று ஏற்றுக்கொள்வது, என்று எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயம். அன்பு மிகுந்தால் நாக்கு அஃறிணையை உயர்திணை ஆக்கிவிடுகிறது. நம் வீட்டில் நாய்க்குட்டியை 'அவன் இன்னும் சாப்பிடலை' என்று சொல்கிறோமே, அதுவும் இதுதான். இதை ஒரு முறை காட்டிவிட்டால் பிள்ளை இலக்கணத்தையும் மறக்காது, பாட்டையும் மறக்காது. ஆனால் வகுப்பில் செய்யுளுக்கு ஒரு வாரம், இலக்கணத்துக்கு வேறொரு வாரம். செய்யுளில் பொருள் எழுதிப் போடுவார்கள், இலக்கணத்தில் விளக்கம் எழுதிப் போடுவார்கள். கைடில் இரண்டும் வேறு வேறு பக்கம். வினாத்தாளிலும் வேறு வேறு பகுதி. இலக்கியம் என்று ஒன்றை நடத்திவிட்டு அதில் மொழி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி கேட்காத தேர்வு என்ன தேர்வு?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் 28 வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஆண்டின் பாதியில் பாடம் முடித்து, மீதியில் திருப்புதல் தேர்வு நடத்தச் சொல்கிறார்கள். பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களையே திரும்பத் திரும்பக் கேட்டால், பாட்டைப் படித்தவளுக்கும் கைடை உருப்போட்டவளுக்கும் வித்தியாசமே தெரியாது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், பாடத்தில் இல்லாத நாலு வரிக் கவிதையைக் கொடுத்துக் கருத்து கேட்டேன் என்பதற்காக என்னிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும் என்பது அவர்கள் பயம். கடைசியில், அந்த வினாவில் யாருமே சுழியம் வாங்கவில்லை.

சரி, 'சொந்த நடை' என்று நான் சொல்வது ஓர் இடத்தில் செல்லாது. மனப்பாடப் பகுதி. இதை நிதானமாகப் படியுங்கள், பல பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கொட்டுவது இங்கேதான். அடிபிறழாமல் எழுது என்று கட்டாய வினாவாக ஒரு திருக்குறள் வரும், ஒரு செய்யுளும் வரும். குறளுக்கு 2, செய்யுளுக்கு 3. அங்கே அவள் கவிஞராக ஆசைப்படக் கூடாது. பாட்டில் உள்ள சொல்தான், அந்த வரிசைதான், அந்த அடிப் பிரிப்புதான். பதம் பிரித்து எழுதிப் பழகிய பிள்ளைகள் தேர்வில் குழம்பிப்போகிறார்கள். பாடநூலில் அடி எங்கே முடிகிறதோ அங்கேயே முடிக்கவேண்டும். வாயால் சொல்லிப் பழகினால் போதாது, எழுதிப் பார்க்கவேண்டும். வாயில் 'ற'வும் 'ர'வும் ஒன்றாகவே ஒலிக்கும், தாளில் தப்பு தெரியும். ண, ன, ந அப்படியே. முல்லைப்பாட்டில் 'வளைஇ', 'தூஉய்' என்று அளபெடை, அதாவது ஓசை நீள்வதைக் காட்டும் எழுத்து, வரும். அந்தச் சின்ன 'இ'யையும் 'உ'வையும் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். 'நனந்தலை' என்பதை 'நானந்தலை' என்று எழுதுவார்கள். குறளை முதல் சொல்லை வைத்து மட்டும் படித்தால் போதாது. 'என முடியும் குறள்' என்று கடைசிச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் திணறிவிடுவார்கள். அதனால் ஒரு நோட்டில் இடது பக்கம் முதல் சொல், வலது பக்கம் கடைசிச் சொல், நடுவில் குறள் என்று அவளே எழுதி வைக்கட்டும். தினம் ஒன்று. இரவு எழுதியதைக் காலையில் நூலோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்தட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து 'இந்த வரியில் ஒரு எழுத்து தப்பு, கண்டுபிடி' என்று மட்டும் சொல்லுங்கள். எது என்று சொல்லாதீர்கள். இரண்டு மாதத்தில் இந்த 5 மதிப்பெண் அவள் கையை விட்டுப் போகாது.



இனி அந்த 1,800 ரூபாய். எத்தனையோ குடும்பம் இதில் ஏமாறுவதைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். 'சென்டம் நோட்ஸ்' என்று என்னிடம் பெற்றோர் கொண்டுவந்து காட்டியவற்றில் பெரும்பாலும், கடையில் கிடைக்கும் கைடின் பக்கங்களையே ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டிருந்தார்கள். பாடநூல் திருத்தப்பட்டாலும் பழைய பதிப்புக்கு எழுதியதையே புது அட்டையில் விற்பார்கள். அதில் பாட்டுக்கே தப்புப் பொருள் அச்சாகியிருக்கும். அதை அப்படியே உருப்போட்டு வந்து ஒரு வகுப்பே ஒரே தப்பை ஒரே வாக்கியத்தில் எழுதும். திருத்துகிறவருக்கு நாலாவது தாளிலேயே தெரிந்துவிடும். அடுத்த தாளை எடுக்கும்போதே அவர் கண் சலித்திருக்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் மகளைக் கொண்டுபோய் நிறுத்தவா பணம் கட்டவேண்டும்?

தேர்வுக்கு முந்தின இரவு 'இது உறுதியாக வரும்' என்று போனில் பிடிஎப் வரும். திறக்காமல் அழித்துவிடுங்கள். அதைப் பார்த்து நடு இரவில் புதுப் பாட்டு படிக்கப் போய், தெரிந்ததையும் மறந்த பிள்ளைகள் உண்டு. அப்புறம், 'திருத்தும் முகாமில் நமக்கு ஆள் இருக்கிறது, பார்த்துப் போடச் சொல்லலாம்' என்று யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொதுத்தேர்வில் மாணவர் விவரம் உள்ள முகப்புத் தாளைப் பிரித்த பிறகுதான் விடைத்தாள் திருத்துபவர் கைக்குப் போகும். யார் தாள் என்று அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு உங்களிடம் பணம் வாங்கப் பார்க்கிறார்கள்.

'பக்கத்தை நிரப்பு, உட்தலைப்பைக் கலர் பேனாவில் எழுது' என்கிறார்களே, அதில் பாதி உண்மை. நெடுவினாவுக்கு உட்தலைப்பு உதவும், திருத்துகிறவர் கண் நிற்க ஓர் இடம் கிடைக்கும். 3 மதிப்பெண் வினாவுக்கு அது தேவையில்லை. பக்கம் நிரப்புவதால் ஒன்றும் கூடாது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். விடைத்தாளை எடுத்துக்கொண்டு வகுப்பின் தமிழ் ஆசிரியரிடம் போங்கள். 'ஏன் குறைத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். 'இதில் எந்தச் செய்தி விடுபட்டது, சார்' என்று கேளுங்கள், அம்மையார் என்றால் 'டீச்சர்' என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆசிரியரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அவர் சொல்வதை மகள் அந்த விடைக்குக் கீழேயே பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். முல்லைப்பாட்டு விடையை மறுபடி தன் நடையில் எழுதி அவரிடமே காட்டட்டும். அரையாண்டுத் தாள் வந்ததும் செய்யுள் வினாக்கள் உள்ள பக்கங்களை எனக்கு மறுபடி அனுப்புங்கள். மதிப்பெண்ணை மறைத்து அனுப்புங்கள், முதலில் நான் போட்டுப் பார்க்கிறேன்.